லாடம் காணாத குட்டியின் சாட்சி

மிருக வைத்தியர் நல்லதம்பி ஐயா காலமான செய்தி வந்தபோது, கட்டுகஸ்தோட்டையில் ஒரு குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். சொன்னவர், "நல்ல மனிசன், பிடிவாதம்தான் கூட" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிடிவாதத்தால்தான் நானும் என் பிள்ளைகளும் இன்று சோறு தின்கிறோம்.

ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகமாகக் கண்டிக்கு வந்தவர். நான் அக்குறணையில் லாடம் அடிப்பவன். மோட்டார் வந்த பிறகும் ஹுன்னஸ்கிரிய மலையில் தோட்டத் துரைமாருக்குக் குதிரைதான் கால். அங்கே ஒரு துரை, இனம் பெருக்கவென்று கப்பலில் பொலிகுதிரை ஒன்றை இறக்கியிருந்தார். பார்வைக்கு ராஜா. அதற்குப் பிறந்தவற்றின் குளம்புகளோ ஆணி தாங்காமல் பிளந்தன. பழி என் தலையில் விழுந்தது. எந்தத் தோட்டத்திலும் என்னைச் சேர்க்கக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். ஐயாவை அழைத்ததும் அதற்கு ஆமாம் போடத்தான்.

ஐயா ஆணியைப் பார்க்கவில்லை. புல்வெளிக்குப் போய், இன்னும் லாடமே அடிக்காத குட்டிகளின் கால்களைத் தூக்கிப் பார்த்தார். அவற்றிலும் அதே வெடிப்பு. அதே சேற்றில் நின்று அதே புல்லைத் தின்ற, வேறொரு பொலிகுதிரையின் குட்டிக்குக் குளம்பு கல்லாக இருந்தது. துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னதை என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"உம்மடை ஆணியிலை பிழையில்லை. தகப்பன்ரை இரத்தத்திலைதான் பிழை. அதைக் காயடிக்கச் சொல்லிப்போட்டன்."

துரை வாசலைக் காட்டினார். ஐயா விடவில்லை; போன தோட்டமெல்லாம் இதையே சொன்னார். எனக்கு வேலை திரும்பியது, அவருக்கு அழைப்புக் குறைந்தது. அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. வருந்தியது நான்தான்.

போன மாதம் அவர் நோயில் கிடந்தபோது துரை ஆள் அனுப்பினார். பொலிகுதிரையை விற்கப் போகிறாராம். நல்ல தீனி போட்டால் எல்லாம் சரியாகும் என்று ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நான் கட்டிலருகே இருந்தேன்.

"தீனியாலை குளம்பு கொஞ்சம் தேறும். பிறவி மாறாது, குட்டியளுக்கும் அதுதான் வரும். வாங்கிறவனுக்கும் இதைத்தான் சொல்லுவன்" என்றார் ஐயா.

நேற்று மயானத்துக்கும் அதே ஆள் வந்திருந்தார். சிதையில் தீ மூண்டதும் என்னருகே வந்து, இனி அந்தப் பேச்சு முடிந்ததுதானே என்று மெல்லக் கேட்டார்.

"ஏன் முடியணும்? நான் உசிரோட, ஹயாத்தோட இரிக்கேன் தானே" என்றேன்.

போய் வாருங்கள், ஐயா. அந்தக் குதிரையை வாங்க வருகிறவர் முன்னால் அதன் காலைத் தூக்கிக் காட்ட நான் நிற்பேன்.