நீந்தாமல் இருக்கும் பயிற்சி

இன்னொருவரிடம் நீந்தாதே என்று சொல்லிவிட்டு, என் கணவர் மட்டும் ஏன் நீந்திப் போனார்? இந்தக் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் எனக்குப் பதில் கிடைப்பதில்லை. எங்கள் சமையலறைச் சுவரில், ஆணியில் ஓர் ஆரஞ்சு நிற விசில் தொங்குகிறது. கப்பலில் போகிறவர்களின் உயிர்காப்புச் சட்டையில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி விசில். என் மகன் கேட்டு அழும்போது எடுத்துக் கொடுக்கிறேன். அவன் ஊதியதும் தாங்க முடியாமல் பிடுங்கித் திரும்ப மாட்டுகிறேன். கொடுப்பது தப்பா, பிடுங்குவது தப்பா என்றும் தெரியவில்லை.

என் கணவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். நடக்கப் பழகிய கையோடு நீந்தவும் பழகிவிட்டார் என்று என் மாமியார் சொல்வார். நான் திருக்கழுக்குன்றத்துக்காரி. பயிர் வைக்கிற குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கியிருக்கிறேன், தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. மகன் பிறந்த பிறகு, வலையை மட்டும் நம்பியிருக்க முடியாது, கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றார் அவர். கப்பலில் ஏறும் முன் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். காலையில் நாஸ்தா கட்டிக் கொடுத்து அனுப்புவேன். மாலையில் குளோரின் வாசனையோடு வருவார். கடலின் வாசனை இல்லாத ஈரத்தோடு அவரை நான் பார்த்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

தீயணைப்புப் பயிற்சி நடந்த அன்று கண் சிவந்து வந்தார். நெஞ்சை அமுக்கி மூச்சு வரவைப்பதைத் தலையணையில் செய்து காட்டினார். எல்லாவற்றிலும் நல்ல பெயர் வாங்கினார். நீச்சல் குளத்தில்தான் தோற்றார்.

அங்கே சொல்லிக் கொடுத்தவர், கப்பல் தளத்து ஆட்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்குப் போசன் என்று பெயராம். எல்லோரும் அவரைப் போசன் சார் என்றார்கள். உயிர்காப்புச் சட்டையோடு தண்ணீரில் விழுந்தால் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அசையாமல் மிதக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் கையோடு கை கோத்துக்கொள்ள வேண்டும் என்பது பாடம். என் கணவரோ தண்ணீரில் விழுந்த மறுகணம் கையை வீசிக் கரைக்குப் போய்விடுவார். போசன் சார் விசில் அடித்து, திரும்பவும் குதிக்கச் சொல்வார். அவர் திட்டுவதை என் கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அப்படியே நடித்துக் காட்டுவார்.

“எனுக்குத் தலவலியே இந்தக் குப்பத்துப் பசங்கதான்டா! நீச்ச தெரியாதவன் சொன்னா கேக்கறான். நீங்க கைய வீசிக்கினு கெளம்பிடுறீங்க. எங்கடா போற? தேடி வர்றவன் கப்பல் முங்குன எடத்துலதான்டா தேடுவான். தண்ணியில எல்லாம் கிட்டக்க கீற மாரிதான் தெரியும். நம்பாத. சும்மா கெட!”

நான் சிரித்துவிட்டு, “சார் சொல்றதுல இன்னா தப்பு? சும்மா கெடக்கறது அவ்ளோ கஷ்டமா?” என்று கேட்டேன்.

“உனுக்கு இன்னா மே தெரியும்? தண்ணியில சும்மா கெடந்தா பொணம் மாரி கீது” என்றார்.

ஆனாலும் வீட்டில் பழகினார். கூடத்துச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, நெஞ்சில் தலையணையை வைத்து, காலை மடக்கிக் கட்டிக்கொள்வார். அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகன் அந்த முழங்கால் மேல் ஏறி உட்காருவான். “தோ, என் கப்பல்ல ஆள் ஏறிட்டான்” என்பார். அவர் கை தானாக அசையும். நான் “சும்மா கெடங்க” என்று போசன் சார் குரலில் அதட்டுவேன். கடைசி நாளில் தேறிவிட்டார். பழைய உயிர்காப்புச் சட்டையிலிருந்து கழற்றிய விசில் ஒன்றை மகனுக்கு விளையாடக் கொண்டுவந்தார். நான் அதட்டாமல் இருந்திருந்தால் தேறியிருக்க மாட்டாரோ, தேறாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கூடத்தில் இருந்திருப்பாரோ என்று நினைப்பேன். உடனே, அதட்டியதால்தானே பாடம் அவர் மனத்தில் நின்றது என்றும் நினைப்பேன். இரண்டில் எதுவும் நிலைப்பதில்லை.

நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் சின்னக் கப்பல் அது. மேற்குக் கடலில், மழைக்காலத்தில், தண்ணீர் புகுந்து சாய்ந்தது. சிலர் மிதவைக்குப் போய்விட்டார்கள். அலையில் பிரிந்துபோன இருவரில் ஒருவர் என் கணவர். மற்றவர் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஊர்க்காரர். அவர் கிடைத்தார். உடம்பு தேறியதும் எங்களைப் பார்க்க வந்தார். மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொடுத்தேன். அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனுக்கு நீச்ச சுத்தமா வராது அண்ணி. பயிற்சி முடிச்சவன்தான், ஆனா அந்த நேரத்துல ஒண்ணும் ஞாபகம் வரல. அண்ணாத்ததான் நீந்தி வந்து என் கைய கோத்துக்கினாரு. ‘கால மடக்கிக் கட்டிக்கோடா, நீந்தாத, சும்மா கெட’ன்னாரு. யாரோ போசன் சாராமே, அவுரு மாரி பேசிக் காட்டினாரு. அந்த நெலமையிலயும் எனுக்கு சிரிப்பு வந்துச்சு. ரொம்ப நேரம் அப்டியே கெடந்தோம். அப்புறம் தூரத்துல ஒரு கப்பல் போச்சு. ‘தோ கிட்டக்கதான் கீது, ஆள இட்டாரேன், நீ ஊதிக்கினே இரு’ன்னு கைய உருவிக்கினாரு. சட்டயோட வேகமா நீந்த முடியல. கழட்டி எங்கிட்ட குடுத்துட்டாரு.”

அந்தக் கப்பல் இவர்களைக் கவனிக்காமலே போய்விட்டது. மறுநாள் காலை தேடி வந்தவர்கள், கப்பல் மூழ்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, விசில் சத்தம் கேட்டு அந்தச் சமையல்காரரைத் தூக்கினார்கள். போசன் சார் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

மாமியார் கேட்டது ஒன்றுதான். “எம் புள்ள நல்லா நீந்துனானா?”

“கிழிச்சிக்கினு போனாரும்மா. திரும்பிக்கூட பாக்கல.”

மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். அது பெருமையா, வேறு ஏதாவதா, நான் இன்னும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து மகன் விசிலை ஊதினான். வந்தவர் கையிலிருந்து தம்ளர் விழுந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் விசில் ஆணிக்குப் போனது.

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. ஆகவே நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் பொட்டு வைத்துக்கொள்கிறேன், கண்ணாடியைப் பார்த்ததும் அழிக்கிறேன், மாமியார் பார்ப்பாரே என்று திரும்ப வைக்கிறேன். பாடம் மறந்து நீந்தினார் என்றால் நான் அவர்மேல் கோபப்படலாம். மறக்கவில்லையே. வார்த்தை மாறாமல் அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறாரே. தனக்கு நீச்சல் தெரியும், எனவே பாடம் தனக்கில்லை என்று நினைத்தாரா? அல்லது சும்மா கிடந்தால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று கணக்குப் போட்டாரா? கணக்குப் படித்த எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

இப்போது மகன் பள்ளிக்குப் போகிறான். குப்பத்துப் பிள்ளைகள் அலையில் விழுந்து எழுவதைப் பார்த்துவிட்டு, தானும் இறங்க வேண்டும் என்கிறான். நான் விடுவதில்லை. நேற்று மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“கடலோரத்துல வூட்ட வெச்சிக்கினு நீச்ச தெரியாம வளக்கப் போறியா? மேட்டுல பொறந்தவளுக்கு இன்னா தெரியும்? நாளிக்கே அவன் சித்தப்பன உட்டு எறக்கறேன் பாரு.”

“வேணாம் அத்த. நீச்ச தெரிஞ்சதாலதான அவரு போனாரு?”

“எம் புள்ளைக்கு நீச்ச தெரிஞ்சதாலதான்டி அந்த சமையக்கார ஆளு வூடு போயி சேந்தான்.”

உள்ளே வந்துவிட்டேன். அவர் சொன்னதும் உண்மைதான். நீந்தத் தெரியாமல் வளர்ந்தால் இந்தக் கரையிலேயே ஓர் அலை போதும். தெரிந்து வளர்ந்தால், என்றைக்காவது கோத்த கையை உருவிக்கொண்டு போவான்; அப்பா அப்படித்தானே போனார். அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். இந்த வயதில் மாமியாரைத் தனியாக விடுவதா என்றும் யோசிக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கடலுக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருப்பீர்கள். பிள்ளைக்கு நீந்தவும் கற்றுக்கொடுத்து, நீந்தாமல் இருக்கவும் எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்? எதை முதலில் சொல்லிக் கொடுப்பது? மாமியார் சொன்னபடியே அவன் சித்தப்பா வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே மகன் ஆணிக்கு நேராக ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்கிறது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.