சூசையண்ணை குதிரையேறிய சனிக்கிழமை

ஜெர்மனியில் ஹம் ரயில் நிலையம், காலை ஏழு மணி. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, அக்டோபர் மாதத்துக் குளிர். முழங்கால்வரை ஏறிய ரப்பர் சப்பாத்துகளோடு சூசையண்ணை மேடையில் வந்து நின்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இடது சப்பாத்தில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

போகிற காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் ஹம்மில் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எங்கள் மேற்பார்வையாளர் ஹைனர், வாரண்டோர்ஃப் பக்கத்துக் கிராமத்து ஆள். அவரிடம் பறவை வேட்டைக்குப் பழக்கிய ஆஸ்ட்ரா என்ற பெண்நாய் இருந்தது. அன்று அதற்குப் பரீட்சை. பயிருக்குள் ஒளிந்திருக்கும் பறவையை மோப்பம் பிடித்து, அதைக் கலைக்காமல், ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலையாக நின்று காட்ட வேண்டும். முன்பு ஒருமுறை தோற்றுவிட்டது. இம்முறையும் தோற்றால் வயது கடந்துவிடும். அதன் குட்டிகளுக்கு வம்சச் சான்று கிடைக்காது. அந்த வாரம் முழுக்க ஹைனர் மதியச் சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

அவரிடம் லோட்டே என்ற கிழட்டுக் குதிரையும் இருந்தாள். வயது இருபத்துநான்கு. ஹைனரின் காலஞ்சென்ற தகப்பனாரைச் சுமந்துகொண்டு வேட்டை நாய்களின் பின்னால் வயல் வயலாகத் திரிந்தவள். அவளுக்குப் பரீட்சை எதுவும் இல்லை. ஆனால் நாய்க்கு ஊதும் விசில் காதில் விழுந்தால் தொழுவத்தில் நிற்கமாட்டாள். முந்தின ஆண்டு கதவை உதைத்து உடைத்துக்கொண்டு தனியாகவே வயலுக்கு வந்துவிட்டாளாம். முதுகில் ஆள் இருந்தால் மட்டும் மரியாதையாக நிற்பாள். வழக்கமாக ஏறுகிற ஹைனரின் மகள் கையை முறித்துக்கொண்டாள். இதை அவர் சாப்பாட்டறையில் சொல்லிக் கவலைப்பட்டபோதுதான், நெடுந்தீவில் பிறந்த சூசையண்ணை வாயைத் திறந்தார். தங்கள் தீவில் குதிரைகள் பூனைகள் மாதிரித் திரியும் என்றும், அவருக்குக் குதிரை ஒரு பொருட்டே இல்லை என்றும் ஜெர்மன் மொழியில் அளந்தார். ஹைனர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

ரயில் மாறவேண்டிய மூன்ஸ்டர் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். ரயில் புறப்பட்டதும் கேட்டேன்.

"அண்ணை, உண்மையாய்க் குதிரை ஏறியிருக்கிறியளோ?"

"குதிரையளைப் பாத்திருக்கிறன், தம்பி."

"எவ்வளவு கிட்ட?"

"ஒருக்கால் ஒண்டு என்னைத் துரத்தினது. அப்ப நல்லாக் கிட்ட வந்தது."

"அதை ஹைனரிட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"அந்த மனிசன் கையைப் பிடிக்கேக்கை கண்ணிலை தண்ணி நிண்டது. பிறகு எப்படிச் சொல்லுறது? நீயே சொல்லு."



மூன்ஸ்டரில் சிறிய ரயிலுக்கு மாறினோம். அங்கிருந்து வாரண்டோர்ஃப் அரை மணி நேரம். நிலம் தட்டையாக, எவரோ தேய்த்து விரித்த துணிபோலக் கிடந்தது. யன்னலுக்கு வெளியே மாடுகளைவிடக் குதிரைகளே அதிகம். ஒவ்வொரு மந்தை கடக்கும்போதும் சூசையண்ணை சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

எட்டரைக்கு ஹைனர் காரில் வந்து ஏற்றிக்கொண்டார். பத்துக் கிலோமீற்றர் தள்ளி அவருடைய வீடு. தொழுவத்துக்கு வெளியே லோட்டே சேணம் பூட்டி நின்றாள். மண்நிறம், முகமெல்லாம் நரை, கீழுதடு தொங்கியிருந்தது. நெடுந்தீவுக் குதிரை இவளுடைய வயிற்றுக்குக் கீழாலே போய்விடும்.

"உது குதிரையோ, மாடிவீடோ?" என்றார் அண்ணை என்னிடம்.

ஹைனர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். முதல் முயற்சியில் அண்ணை மறுபக்கத்தால் இறங்கிவிட்டார். "எங்கட ஊரிலை சேணம் இல்லை," என்று விளக்கம் சொன்னார். இரண்டாம் முறை நான் கீழிருந்து தள்ள, ஏறி உட்கார்ந்து கடிவாளத்தையும் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். லோட்டே தலையைத் திருப்பி அவருடைய சப்பாத்தை முகர்ந்தாள். தொங்கிய விலைச்சீட்டைக் கடித்துத் தின்றாள்.

பரீட்சை வயல் நடந்துபோகிற தூரம்தான். இடுப்பளவு கடுகு மஞ்சளாகப் பூத்து நின்றது. நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் பச்சைத் தொப்பி போட்ட முதியவர். ஓரத்தில் பார்வையாளர் இருபது பேர், அவர்களுக்கு நடுவே கோபுரம்போல எங்கள் ஆள்.

பத்து மணிக்கு ஆஸ்ட்ராவை அவிழ்த்துவிட்டார்கள். கடுகுக்குள் பாய்ந்தது. பூக்கள் அசைந்தன. பிறகு அசையவில்லை. ஹைனர் விசில் ஊதினார். நாய் வரவில்லை. மறுபடி ஊதினார்.

"மான் பின்னால் போயிருக்கும்," என்றார் தலைமை நடுவர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. அப்படி ஓடினால் தோல்வி. ஹைனரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. விசிலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

அப்போது லோட்டே காதுகளை முன்னால் நிமிர்த்தினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். நடக்கத் தொடங்கினாள்.

"ஹேய்! எங்கே போகிறீர்கள்?" என்று நடுவர் கத்தினார்.

"எனக்குத் தெரியாது!" என்று அண்ணை ஜெர்மனில் கத்தினார். பிறகு குதிரையிடம் திரும்பி, "நில்லு! நில்லம்மா! ஐயோ மாதாவே, தம்பி, இவளைப் பிடியடா!"

நான் ஓடினேன். எனக்குப் பின்னால் ஹைனர், அவருக்குப் பின்னால் நடுவர்கள். லோட்டே அவசரப்படவில்லை. கடுகைப் பிளந்துகொண்டு நேராகப் போய், வயலின் மறுமுனை வேலியோரத்தில் நின்றாள். நின்றால் நின்றதுதான், வால்கூட ஆடவில்லை.

அவளுடைய மூக்குக்கு நேரே, நாலைந்து அடி தள்ளி, பயிருக்குள் ஆஸ்ட்ரா. ஒரு முன்கால் தூக்கியபடி, உடம்பு விறைத்து, சிலையாக நின்றது. நாங்கள் தேடிய நேரமெல்லாம் அது அசையாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நடுவர் கையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் நிறுத்தினார். ஹைனர் மெல்ல முன்னால் போனார். ஃபெசண்ட் என்ற காட்டுக்கோழி இனத்துச் சேவல் ஒன்று வெடிபோலச் சத்தமிட்டு மேலெழுந்தது. அண்ணை கத்திக்கொண்டு லோட்டேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நாயும் அசையவில்லை, குதிரையும் அசையவில்லை.

இளைய நடுவர் ஒருவர், குதிரை உதவி செய்தது சரியா என்று கேட்டார். முதியவர் தொப்பியைக் கழற்றினார்.

"நாய் பறவையைக் கண்டுபிடித்தது. குதிரை நாயைக் கண்டுபிடித்தது. இன்று நாங்கள் குதிரையைப் பரீட்சிக்கவில்லை."

ஆஸ்ட்ரா தேறியது.

மதியம் களஞ்சியத்தில் பட்டாணி சூப், கோப்பை இரண்டரை யூரோ. அண்ணை நின்றுகொண்டே குடித்தார். ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கைகொடுத்து, ஆளுக்கொரு குதிரைக் கதை சொன்னார்கள். துப்பாக்கி வெடிக்காமல் வீடு திரும்ப மறுத்த ஒரு குதிரை. நாய்கள் எல்லாம் வந்து சேரும்வரை வாசலைத் தாண்டாத இன்னொன்று. தலைமை நடுவரின் பழைய தொப்பியை, இறகோடு சேர்த்துத் தின்றவள் லோட்டேதானாம். எல்லாமே செத்துப்போன குதிரைகள், இவள் ஒருத்தியைத் தவிர. சொன்னவர்கள் சிரித்தார்கள், சிலர் மூக்கைத் துடைத்தார்கள். நான் மன்னார்க்காரன். எங்கள் பட்டினத்து வீதிகளில் கழுதைகள் நாள் முழுக்க நிற்கும். ஒன்றுக்காவது பெயர் உண்டா என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

கைகொடுக்கிறவர்கள் கூடக் கூட அண்ணைக்குச் சூப் இறங்கவில்லை. கடைசியில் ஹைனரைத் தனியே கூப்பிட்டார்.

"ஹைனர், நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாது. அவள்தான் என்னைக் கொண்டுபோனாள்."

ஹைனர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் மறுபக்கத்தால் இறங்கியபோதே தெரியும். ஒன்று சொல்கிறேன், இந்த ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள். அப்பாவுக்கும் குதிரை ஓட்டத் தெரியாது. பெரிய குதிரைவீரர் என்று பெயர். எல்லாம் அவளுடைய வேலை."

நாலு மணிக்குப் புறப்பட்டோம். அண்ணை தொழுவத்துக்குப் போய் லோட்டேயின் நெற்றியில் கையை வைத்து, "வாறன் பிள்ளை," என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹைனரின் கண்ணில் மறுபடி தண்ணீர்.

ரயிலில் பாதி இருக்கைகள் காலி. அண்ணை கம்பியைப் பிடித்துக் கால்களை அகட்டி நின்றார். சீட்டுப் பார்க்க வந்த பெண், "இடம் இருக்கிறதே, உட்காருங்கள்," என்றாள்.

"முடியாது. இன்று குதிரை ஓட்டினேன்."

அவள் அந்தப் பக்கத்துக்காரி போலும். சீட்டை மறந்து, "எந்தக் குதிரை?" என்று ஆவலோடு கேட்டாள்.

அண்ணை நிமிர்ந்து நின்று தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மூன்ஸ்டர் வருவதற்குள் லோட்டே நாலுகால் பாய்ச்சலில் இரண்டு வேலிகளைத் தாண்டிவிட்டிருந்தாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.