கிணறு வரை

1. இரண்டு கத்திகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கெனத் எனக்குப் போட்ட முதல் கட்டளைக்கும் வரைபடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "வடக்கு ஆக்கள் வரேக்கை இடப்பக்கத்துக் கத்தியைக் கழட்டி லாச்சிக்குள்ள வை. தெற்கு ஆக்கள் வந்தால் வலப்பக்கத்துக் கத்தியைக் கழட்டி வை. மாறி வைச்சிடாதை." அவர் பேசியது சுத்த இங்கிலீஷ். நான் எங்கள் பாஷையில் தருகிறேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். கொழும்பில் டிராஃப்ட்ஸ்மனாக நிலப்படம் கீறிய கை. அங்கே கிளேட்டன் பகுதியில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் பள்ளிக்கூட அட்லஸ் தயாரிக்கும் சின்னக் கொம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. மொத்தம் ஒன்பது பேர். முதலாளி கெனத் ஆங்கிலேயர். இளம் வயதில் அரபு நாட்டுப் பக்கம் பிரிட்டிஷ் அரசியல் ஏஜென்டுக்கு உதவியாளராக இருந்தவர். அவருடைய அறைச் சுவரில் வெள்ளிப் பிடி போட்ட வளைந்த கத்திகள் இரண்டு தொங்கின.

கத்திகளின் கதையைத் தேநீர் வேளையில் சொன்னார். அயல் அயலாக இரண்டு ஷேக்குகள். நடுவில் மணல். மணலுக்காக யாரும் சண்டை பிடிப்பதில்லை, ஆனால் மணலுக்குள் ஒரு கிணறு இருந்தது. ஏஜென்ட் வடக்கு ஷேக்கின் கூடாரத்துக்குப் போய், ஆட்டிறைச்சி சாப்பிட்டு, கோப்பி குடித்து, "உங்கட நிலம் கிணறு வரை" என்று சொன்னார். பிறகு தெற்கு ஷேக்கிடம் போய், இன்னொரு ஆட்டைச் சாப்பிட்டு, அதையே சொன்னார். இருவருக்கும் பெரிய சந்தோஷம். ஆளுக்கொரு கத்தி பரிசு கொடுத்தார்கள்; சுவரில் இடப்பக்கம் தெற்கின் கத்தி, வலப்பக்கம் வடக்கின் கத்தி. இரண்டு பக்கத்திலும் எண்ணெய் தோண்ட லண்டனுக்கு அனுமதியும் கிடைத்தது. ஏஜென்ட் பென்ஷனில் போகும்போது கத்திகளை உதவியாளரான கெனத்திடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

"அப்ப கிணறு ஆருக்கு, சேர்?"

"அதை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் கத்தி கிடைச்சிருக்காது."

இரண்டு நாடுகளின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பேரிடமும் இன்னும் எண்ணெயும் இருக்கிறது, வக்கீல்களும் இருக்கிறார்கள்.

2. பங்குக் கிணறு

சில வருடம் கழித்து அந்த இரண்டு நாட்டுக் கல்வி அமைச்சுகளும் எங்களிடம் ஒரே அட்லஸைக் கேட்டன. கொம்பனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம். இரண்டு ஓடரும் சேர்ந்தால் ஒரே ஃபில்மில் ஒரே தடவையில் அச்சடிக்கலாம், பிழைத்துக்கொள்ளலாம். கிணற்றை ஒரு பக்கம் போட்டால் மற்றப் பக்கம் மறுக்கும், ஒருவர் மறுத்தாலும் கதவைப் பூட்ட வேண்டியதுதான் என்று கெனத் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

எனக்கு அது வெறும் வேலைப் பிரச்சினை இல்லை. என் தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் பொலிஸுக்கு ஒளிந்தது பாதி, இருந்தது பாதியாகக் கிடந்தான். அவனை நான் ஸ்பொன்சர் பண்ணியிருந்தேன். எனக்கு வேலை போனால் அவனுடைய விசாவும் போகும். டண்டினொங்கில் பிஸ்கட் ஃபக்டரியில் நின்று வேலை செய்துவிட்டு வந்த என் மனுசி, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்: "இஞ்சாருங்கோ, ஆரோ அரபிக்காரன்ர கிணத்துக்காக எங்கட தம்பி லொட்ஜுக்குள்ள கிடந்து சாகிறதோ?"

அடுத்த நாள் கெனத்திடம் ஒரு யோசனை சொன்னேன். யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது கிணற்றை ஒருவருக்கு மட்டும் எழுதுவதில்லை, கிணற்றில் பங்கும் போக வர வழியும் என்று எழுதுவார்கள், அதைப்போல இவர்களுக்கும் பங்குக் கிணறாகக் குறித்துவிடலாம் என்றேன். கெனத் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல ஏற்பாடு போல இருக்கிறதே, அதனால் சண்டை நின்றதா என்று கேட்டார்.

"எங்கட குடும்ப வழக்கு இன்னும் கோர்ட்டில நடக்குது, சேர்."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் நான் செய்தது டிராஃப்ட்ஸ்மன் மட்டுமே செய்யக்கூடிய களவு. எல்லா மெப்பிலும் குறிகளுக்கு விளக்கம் சொல்கிற லெஜன்ட் பொக்ஸ் ஒன்று இருக்கும். வழக்கமாக அது கடலில் கிடக்கும். கடலில் யாருக்கும் கோபம் வராது. அந்தப் பெட்டியைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து கிணற்றுக்கு மேல் வைத்தேன். மேற்கிலிருந்து வந்த எல்லைக் கோடு பெட்டிக்குள் நுழைந்தது. கிழக்கால் வெளியே வந்தது. உள்ளே என்ன நடந்தது என்பது பெட்டிக்குத்தான் தெரியும்.

3. பெட்டி யாருடையது

இரண்டு நாட்டு அதிகாரிகளும் வேறு வேறு நாளில் வந்து ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. நடுவில் நோன்புப் பெருநாள் வந்தது. வடக்கில் தெரிந்த பிறை தெற்கில் தெரியவில்லை. பயணங்கள் மாறின. ஒரு காலை, வாசலில் இரண்டு டக்ஸி ஒன்றாக வந்து நின்றன.

எந்தக் கத்தியைக் கழற்றுவது? இரண்டையும் கழற்றி லாச்சிக்குள் போட்டேன். சுவரில் வெயில் படாமல் இருந்த இடத்தில் இரண்டு கத்தியின் வடிவங்களும் அச்சொட்டாக வெள்ளையாகத் தெரிந்தன. அதை நான் யோசிக்கவில்லை. வந்தவர்கள் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கெனத் கோப்பி வேண்டுமா என்று கேட்டார்.

லைட் டேபிளில் ப்ரூஃப்பை விரித்தேன். வடக்கு அதிகாரி பெட்டியைத் தட்டி, கிணறு எங்கே என்று கேட்டார். பெட்டிக்குக் கீழே என்றார் கெனத். தெற்கு அதிகாரி உடனே, "அப்ப பெட்டி ஆருக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கிணற்றைப் பற்றி எவரும் பேசவில்லை. பெட்டியின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறது, கீழ் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே பேச்சு. வடக்கு அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

தம்பியின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. வாய் தன்பாட்டில் திறந்தது.

"பெட்டி எங்கட. கொம்பனிக்குச் சொந்தம்."

வடக்கு அதிகாரி தெற்கு அதிகாரியைக் காட்டி, "அப்ப இவையளுக்கு இல்லை?" என்று கேட்டார். இல்லை என்றேன். தெற்கு அதிகாரியும் அதையே கேட்டார். வடக்குக்கும் இல்லை என்றேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தனக்குக் கிடைக்காதது கவலை இல்லை, அடுத்த வீட்டுக்காரனுக்குக் கிடைக்கக் கூடாது. வேலிச் சண்டையில் வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். வீட்டை விட்டு ஓடி வந்து ஒதுங்கிய ஒருவன், அரேபியாவில் ஒரு துண்டைக் கிளேட்டனுக்கு எழுதி எடுத்துக்கொண்டான்.

டக்ஸி வருவதற்குள் தெற்கு அதிகாரி மட்டும் திரும்பி வந்தார். பெட்டி வைப்பதற்கு முந்தின ஃபில்மைக் காட்ட முடியுமா என்று மெல்லக் கேட்டார். காட்டினேன். நீல நிறத்தில் ஒரு சின்ன வட்டம். "என்ர அம்மா இதில தண்ணி அள்ளினவ" என்று சொல்லி, விரலை அதன்மேல் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

4. எலுமிச்சை மரம்

தம்பி வந்து சேர்ந்தான். கெனத் ஓய்வு பெற்ற நாளில் இரண்டு கத்தியையும் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். "இது வேலையோட வாறது" என்றார். வீட்டில் ஒரு அலுமாரிக்குள் கிடக்கின்றன. மாட்டுவதற்குத் துணிவில்லை.

பிறகு தம்பியும் நானும் ரோவிலில் பக்கம் பக்கமாக வீடு வாங்கினோம். நடுவில் இருந்த பழைய மரவேலி உக்கிப்போய், புது வேலி போட ஆள் வந்தான். எல்லையில் ஒரு எலுமிச்சை மரம். எல்லைக் கோடு எந்தப் பக்கத்தால் போகிறது என்று அவன் கேட்டான். தம்பி யோசிக்காமல் சொன்னான்: "மரம் வரைக்கும் உங்கட, அண்ணை."

'வரை' என்று எவராவது சொன்னால், அதையும் சேர்த்தோ சேராமலோ என்று அந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். என் சேவைக் காலம் முழுதும் நான் படித்த பாடம் இது ஒன்றுதான். இளம் ஆட்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேட்க வாயும் எடுத்தேன். லொட்ஜிலிருந்து வந்தவன் வெயிலில் சிரித்துக்கொண்டு நின்றான். கேட்க மனம் வரவில்லை. "ஓம், மரம் வரைக்கும்" என்று நானும் சொன்னேன்.

வேலி மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. இரண்டு வீட்டாரும் காய் பிடுங்குகிறோம், ஒருவருக்கொருவர் ஊறுகாய் கொடுக்கிறோம். பிள்ளைகள் காலத்தில் என்ன ஆகும் என்று மனுசி கேட்டபோதுதான் அந்த ஏஜென்டின் நினைவு வந்தது. அவரும் தன் காலத்தில் எல்லோரையும் சந்தோஷப்படுத்திவிட்டுத்தான் போனார். அலுமாரிக்குள் கத்தியும் வீட்டுக்கொன்றாகச் சரியாக இரண்டு இருக்கிறது.