முதலாளியின் வலது கன்னம்

1. கிண்ணம்

எங்கள் முதலாளி அபு நாசர் ஒரு மரக்கிண்ணத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தபோது, நான் ஒருவரின் தொண்டைக்குழியில் கத்தி வைத்திருந்தேன். நல்லவேளையாகக் கை ஆடவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. குவைத்தில், ஃபஹாஹீல் கடைத்தெரு. சலூன் லைசென்ஸ் அவர் பெயரில். என் விசாவும் அவர் கையில். எண்ணெய்க் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனவருக்குப் பொழுது போகவில்லை என்றால் மற்றவர்களுக்கு வேலை வந்துவிடும். முதலில் ஜூஸ் கடை வைத்து மூடினார். பிறகு புறா வளர்த்தார். பறக்கவிட்ட புறாக்கள் திரும்பி வரவில்லை. அவற்றுக்கு விசா பிரச்சினை கிடையாது. இப்போது லண்டன் போய்விட்டு இந்தக் கிண்ணத்தோடு வந்திருந்தார்.

"செல்வா, மோந்து பாரு. கையால செஞ்ச ஷேவிங் சோப்பு. இனிமே நாமளும் செய்யுறோம். நாசர் கல்யாணத்துக்கு நம்ம சோப்பு." அரபியும் ஹிந்தியும் கலந்துதான் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். நாசர் அவருடைய மூத்த மகன்.

"யார் பாபா செய்யுறது?"

"நீதான். இந்தியாக்காரனுக்கு எல்லாம் தெரியும்."

எனக்குத் தெரிந்தது சோப்பு போடுவது மட்டும். செய்யத் தெரிந்தவர் ஜெசிந்தா டீச்சர். நாகர்கோவில்காரர். மங்காஃபில் ஃப்ளாட், கணவர் ரிஃபைனரியில் வேலை பார்ப்பவர், முடி வெட்ட என்னிடம்தான் வருவார். டீச்சர் ஊரில் கெமிஸ்ட்ரி எடுத்தவர். இங்கே பள்ளிக்கூட வேலை அமையாததால் சமையலறையில் குளியல் சோப்பு காய்ச்சித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2. டீச்சரின் மூக்கு

"செய்யலாம்லா" என்றார் டீச்சர். "தேங்காய் எண்ணெய், ஸ்டியரிக் ஆசிட், கொஞ்சம் ஆமணக்கு. நுரைய நான் பாத்துக்கிடுதேன். ஆனா வாசனைக்கு வேற ஆளு பாருங்க. எனக்கு மூக்கு கெடையாது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கு இருந்தது. கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

"இது மூக்குத்தி போடதுக்கு" என்றார். "ஒரு காய்ச்சல்ல மணமே போச்சு. மீன் கெட்டுட்டான்னு எங்க வீட்டுக்காரர்தான் மோந்து சொல்லணும்."

ஆக, வாசனைத் தேர்வு என் தலையில். டெட்டாலும் ஹேர் டையும் பவுடரும் முகர்ந்து முகர்ந்து என் மூக்கும் அப்போது பாதிதான் வேலை செய்தது. அதனால் வாடிக்கையாளர்களின் கன்னங்களை நம்பினேன். வெள்ளிக்கிழமை லேபர் கேம்ப் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். ஆளுக்கு ஒரு சோப்பாக நுரைத்துப் பூசிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

மல்லிகை சோப்பு கலியபெருமாளுக்கு விழுந்தது. சாரம் கட்டுகிற வேலை, அரியலூர்ப் பக்கம். கண்ணாடியில் தன்னையே முறைத்துப் பார்த்தார்.

"செல்வண்ணே, எங்க ரூம்ல எட்டு பேரு படுக்குறோம். இந்த வாசனையோட நான் போனா ஒருத்தனும் தூங்க மாட்டான். எனக்கும் பயமா இருக்கும். கழுவி விடு."

கிராம்பு போட்டுக்கொண்டவர், "பல்லு புடுங்கப் போறியா?" என்று கேட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். எலுமிச்சையை மெஸ் சமையல்காரர் ஒருவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்: "இது எங்க பாத்திரம் கழுவுற சோப்புல்ல?" ரோஜாவுக்கு வந்த கேள்வி, "மொய் எங்க வைக்கணும்?"

சந்தனத்தைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன். முதல் ஆள் கண்ணை மூடி, "கோயில்ல நிக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றார். எனக்குச் சந்தோஷம். அடுத்த ஆள், "நல்ல வாசனைதான். ஆனா எங்க பெரியப்பாவைத் தூக்குன நாளு கண்ணுக்குள்ள வந்துட்டுப் போகுது" என்றார். மூன்றாவது வந்த எகிப்துக்காரர் பிஸ்கட் என்றார்.

டீச்சரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். பாத்திரத்தைக் கிளறியபடியே கேட்டுவிட்டு, "ஒரே சோப்பு. ஒருத்தருக்குக் கோயிலு, ஒருத்தருக்குச் சாவு, ஒருத்தருக்கு பிஸ்கட்டு. மூக்கு இல்லாதது எனக்கா, இவியளுக்கா?" என்றார்.

வாசனை விஷயத்தில் எவ்வளவு கேலி பேசினாலும், தோல் விஷயத்தில் டீச்சர் கறார். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் என் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் விடுவார். கிராம்பு கொஞ்சம் கூடிய ஒரு கட்டி என் கையைத் தடிக்க வைத்தது. மறுபேச்சில்லாமல் அத்தனையையும் குப்பையில் போட்டார். "மேல் பொரிஞ்சா யாரு பதில் சொல்லது?"

3. ஊத்

முதலாளி இந்த வாசனைகள் எதையும் மதிக்கவில்லை. அவருக்கு ஊத்தான் வேண்டும். அகில் கட்டையிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய். காரணமும் வைத்திருந்தார்.

"கல்யாணத்துக்கு வர்றவன் எல்லாம் நாசர் கன்னத்துல முத்தம் குடுப்பான். எல்லா மூக்கும் அங்கதான் வந்து நிக்கும். அங்க ஊத் இருக்கணும்."

அதில் தப்பு சொல்ல முடியாது. டீச்சர் அளவாக ஊத் கலந்து ஒரு கட்டி செய்தார். முதலாளி முகர்ந்துவிட்டு, "மாஃபி. இதுல ஊத்தே இல்லை. ஊத் கடை இருக்கிற தெருவுல நடந்து வந்த சோப்பு இது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்தன்று மத்தியானம் நாசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் வாசனை வந்தது. டீச்சரின் சோப்பை வீட்டில் உருக்கி, தன்னிடமிருந்த ஊத், பட்டை எண்ணெய், இன்னும் என்னென்னவோ ஊற்றி மறுபடி உறைய வைத்திருந்தார். பழைய இன்ஜின் ஆயில் நிறம். பழக்க தோஷத்தில் முழங்கையில் கொஞ்சம் பூசிப் பார்த்தேன். நாசருக்குத் துண்டு கட்டி முடிப்பதற்குள் அந்த இடம் சுறுசுறுவென்று காந்த ஆரம்பித்தது.

"பாபா, இது வேண்டாம். எரியுது."

"ஊத் எரியாது. போடு. யல்லா."

என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. நாசர் துண்டோடு உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாஃபி, பாபா. இதை நான் போட மாட்டேன்."

"உன் கஃபீல் யாரு? உன் விசா யாரு கையில?"

"நீங்கதான்."

"அப்புறம்?"

"முகம் நாசரோடது, பாபா."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "கலாஸ், போதும்!" என்று கத்திவிட்டு என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் வலது கன்னத்தில் தானே நுரையை அப்பிக்கொண்டார். கண்ணாடி வழியாக என்னை ஜெயித்த மாதிரி பார்த்தார். எரிந்தாலும் எனக்குக் கேடு, எரியாவிட்டாலும் கேடு என்று நான் நின்றேன்.

முதலில் மீசை துடித்தது. பிறகு கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனாலும் மனிதர் அசையவில்லை. கௌரவம்.

"யுபா, முகம் சிவக்குது!" என்று நாசர் எழுந்தான். அவன் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான். அதற்கு மேல் கௌரவம் தாங்கவில்லை. முதலாளி வாஷ்பேசினுக்கு ஓடினார். கழுவித் திரும்பியபோது வலது கன்னம் தந்தூரி கோழி.

டீச்சருக்கு போன் போட்டேன். "பச்சத்தண்ணிய ஊத்திட்டே இருக்கச் சொல்லுங்க. லோஷன், படிகாரம் ஒண்ணும் தொடப்பிடாது" என்றார். மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "நுரை பாக்கதுக்குன்னு வாசனையே சேக்காத கட்டி ஒண்ணு வச்சிருக்கேன். இவியகிட்ட குடுத்து விடுதேன்."

டீச்சரின் கணவர் காரில் கொண்டுவந்து கொடுத்தார். வெண்ணெய் மாதிரி நுரை. கத்தி வழுக்கிக்கொண்டு போனது. நாசர் முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஒரு வாசனையும் இல்லை.

4. வரிசை

மாப்பிள்ளை தலையைச் சரிசெய்ய என்னையும் மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். காவா என்கிற அரபிக் காப்பியை ஊற்றுகிறவர்கள் பக்கத்தில் சீப்போடு நின்றேன். முதலாளியும் நாசரும் வரிசையில் நின்று வாழ்த்து வாங்கினார்கள். வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம். முதலாளி இடது கன்னத்தையே நீட்டிப் பார்த்தார். விடுவார்களா? வலதுக்கும் வந்தார்கள். ஒவ்வொரு முத்தத்துக்கும் அவர் கண்ணை இறுக மூடினார், தண்ணீர் வழிந்தது. மகன் கல்யாணத்தில் மனம் நெகிழ்ந்துவிட்டார் என்று ஊரே நினைத்தது. ஒரு பெரியவர் அவரைக் கட்டிப்பிடித்து, ஆறுதலாக அதே கன்னத்தில் இன்னும் இரண்டு கொடுத்தார். நான் சீப்பைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, வெகுநேரம் தேடினேன்.

நாசரிடம் ஆளாளுக்கு, "முகத்துல என்ன வாசனை? ரொம்ப நல்லா இருக்கே" என்று கேட்டார்கள். அவன் உடுப்பில் ஏற்கனவே புகைபோட்டிருந்த வாசனை, வந்தவர்கள் பூசியிருந்த அத்தர் எல்லாம் கலந்து அவரவர் மூக்குக்கு என்னவோ கிடைத்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்ல முதலாளிக்கு மனசு வரவில்லை. "சிர்ர்" என்றார். ரகசியம். அடுத்த மாதம் அதே பெயரில் லேபிள் ஒட்டி, டீச்சரின் வாசனை இல்லாத சோப்பு எங்கள் சலூனில் விற்பனைக்கு வந்தது. சோப்பு காய்ச்சுகிற பாத்திரத்தின் பக்கம் முதலாளி வரக்கூடாது என்பது டீச்சர் போட்ட நிபந்தனை.

5. பிறகு

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் சலூனுக்கு வந்தார். கன்னம் உரிந்துகொண்டிருந்தது. நேராக என் நாற்காலியில் உட்கார்ந்தார். டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்:

"உன் ரூம்ல ஏசி ஓடுதா?"

"சத்தம் வரும் பாபா. காத்து வராது."

"நாளைக்கு ஆள் வருவான்."

அவ்வளவுதான். விசாவும் புதுப்பித்து வந்தது. அந்த மத்தியானத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்குச் சொல்ல இரண்டு விஷயம்தான் என்னிடம் உண்டு. அடுத்தவன் முகத்தில் எதைப் பூசுவதற்கு முன்னாலும் உன் முழங்கையில் பூசிப் பார். அங்கே எரிந்தால், சொல்கிறவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடு. பயமாகத்தான் இருக்கும்; எனக்கும் இருந்தது. பிறகு முதலாளி உன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்காதே. மன்னிப்பு அவர்கள் வாயில் வராது. ஏசி மெக்கானிக் உருவத்தில் ஏணியோடு வந்து நிற்கும். கதவைத் திறந்து விடு.