பழுக்காத மிளகுக்கு ஏணி

இன்று காலை வளப்பூர் நாட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்துக் காட்டு செல்லம்மாள் சொன்னாள்: "எங்கூட்டு மிளகெல்லாம் பறிச்சாச்சுங்க அக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரத்துக்கு ஒரு மணியாவது சிவக்காமல் மிளகில் கை வைக்கலாமா?

"பழுத்துருச்சா கண்ணு?"

"இல்லீங்க. பெரியசாமி அண்ணன் ஏணி போட்டாரு. அதப் பாத்து எல்லாரும் போட்டாங்க. நாங்க மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?"

முன் சீட்டில் பெரியசாமியே இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"என் கொடி வாடல் நோயில காயுதுங்க அக்கா. உதிர்றதுக்குள்ள பறிச்சேன். என்னை யாருங்க கேட்டாங்க?"

ஒருத்தர் கொடி நோயில் விழுந்ததற்கு ஊரே நல்ல கொடியை மொட்டையடித்திருக்கிறது! பிஞ்சு மிளகு காய்ந்தால் பதர்தான். ஒரு வருஷத்துப் பாடு போச்சு. "ஏன்னு கேக்க ஒருத்தருக்கும் வாயில்லையா?" என்று இறங்கும்வரை திட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் மிளகுக்கொடி படர்ந்த மரத்திலும் ஏணி. மேலே என் வீட்டுக்காரர்.

"எல்லாரும் பறிக்கிறாங்க புள்ள" என்கிறார்.

ஏணியை எடுத்துவிட்டேன். இன்னும் மேலேதான் இருக்கிறார். எல்லாரும் சொன்னால்தான் அவருக்குச் சரி. ஏணியைத் திரும்ப வைக்கலாமா, நீங்கள் எல்லாரும் சொல்லுங்கள்.