இரண்டாவது கியரில் மூவாயிரம்

அந்தக் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு வட்டங்கள் இருந்தன. இடப்பக்கம் வேகம் காட்டும் மீட்டர். கேபிள் அறுந்து, முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. வலப்பக்கம் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர், அது மட்டும் உயிரோடு இருந்தது. நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மேலாளருக்கு நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கேபிளை மாற்றித் தரும்படி மூன்று முறை கேட்டேன். "மீட்டரப் பாத்தா வண்டி ஓட்டுவ? ரோட்டப் பாருய்யா" என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் மறுபடி போனில் ஆழ்ந்துவிடுவார்.

வேறு வழியில்லாமல் நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பண்ருட்டி ரோட்டில், கிலோமீட்டர் கல்லுக்குக் கல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓட்டுவேன். நான்காவது கியரில் முள் இரண்டாயிரத்து இருநூறில் நின்றால் அடுத்த கல் சரியாக ஒரு நிமிடத்தில் வரும், அப்படியென்றால் மணிக்கு அறுபது. இரண்டாவது கியரில் மூவாயிரம் என்றால் இன்ஜின் காது கிழியக் கத்தும், ஆனால் கல் வர நூறு வினாடி ஆகும். வெறும் முப்பத்தாறு. சத்தம் வேறு, வேகம் வேறு என்பது ஒரே மாதத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

சுரங்கத்திலிருந்து மேலேறும் சரிவில் ஒரு நாள், மேலாளரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். இரண்டாவது கியர், மூவாயிரம். ஷிப்ட் விட்ட நேரம். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் சைக்கிளைச் சட்டென்று குறுக்கே திருப்பினார். பிரேக்கை மிதித்தும் பம்பர் அவர் காலில் இடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் விசாரணைக்கு முன்பே காரில் புதுக் கேபிள் மாட்டப்பட்டிருந்தது. மேலாளர் கண் இமைக்காமல் சொன்னார்: "மீட்டர் தொண்ணூறு காட்டுச்சு. நானே பாத்தேன். மெதுவாப் போன்னு சொன்னேன், இவன் கேக்கல." மீட்டர் வேலை செய்யாத வண்டியை ஓடவிட்டது தன் தலையில் விழுந்துவிடும் என்று அவருக்குப் பயம். விபத்து நடந்தபோது சரிவில் நின்றிருந்த இரண்டு பேரும் இன்ஜின் அலறியது என்று சாட்சி சொன்னார்கள். அலறியது உண்மைதான். நான் கியரையும் கல்லையும் விளக்க ஆரம்பித்தபோது ஒருவர் சிரித்தார்.

பெர்மனென்ட் ஆக வேண்டிய பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். ஆள் பற்றாக்குறை என்பதால் வேறொரு வண்டியில் கான்ட்ராக்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த சைக்கிள்காரரின் மனைவி சந்தையில் எல்லோர் முன்னாலும் என் சட்டையைப் பிடித்தார். "எம் புருசன் கால ஒடச்சிப்புட்டு இன்னும் வண்டி ஓட்டிக்கினு திரியிறியே, நீ நல்லாருப்பியா?" பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு. அந்த ஆளுக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன்.

ஒரு மார்கழிக் காலை, மேலாளருடைய டிரைவர் லீவு. விருத்தாசலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அதே கார். கேபிள் மறுபடி அறுந்திருந்தது, மறுபடி யாரும் மாற்றவில்லை. வெளியே பனி, போனட்டுக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. டவுன்ஷிப்பின் நீண்ட ரோட்டுக்கு வந்ததும் இரண்டாவது கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன். முள் மூவாயிரத்தில் நின்றது. கார் முழுவதும் அதிர்ந்தது.

"யோவ், என்னய்யா இவ்ளோ ஸ்பீடு? ஒண்ணுமே தெரியலயே!"

"மீட்டர் ஓடலைங்க சார்."

"நிறுத்துய்யா! எவ்ளோ போற?"

"நீங்கதான் பாத்து சொல்வீங்களே சார். அன்னிக்கு எவ்ளோ பாத்தீங்க?"

இரண்டு கைகளாலும் என் சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. பனிக்குள் யாராவது சைக்கிளில் வந்தால் இன்னொரு கால் முறியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காலை எடுக்கவில்லை. என்னைப் பற்றி நான் அறிந்துகொண்ட மோசமான விஷயம் அது.

"பாக்கலய்யா! மீட்டரே ஓடல. நான் பொய்தான் சொன்னேன். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, நிறுத்துய்யா!"

ஓரமாக நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து, குனிந்து வாந்தியெடுத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி சொன்னேன்: "முப்பத்தாறுதான் சார் போனேன். அன்னிக்கும் இதேதான்."

ரயில் போய்விட்டது. அவர் என்மேல் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். விசாரணையில் சொன்னதையும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. பட்டியலில் என் பெயர் திரும்ப வரவே இல்லை. அந்த சைக்கிள்காரர் இன்றும் என்னைக் கண்டால் காலை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார். ஒரு மனிதன் குலை நடுங்கியதைத் தவிர எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அது போதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சென்ற மாதம் மேலாளர் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரம் முடிந்து அவரைக் குவார்ட்டர்ஸில் விட்டுவரும் பொறுப்பை, பழைய கதை தெரியாத புது சூப்பர்வைசர் என்னிடம் கொடுத்தார். மாலையும் சால்வையுமாக வந்தவர், குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிடித்த கதவை விட்டார். "நடந்தே போறேன், பக்கம்தான்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, வெயிலில் நடக்கத் தொடங்கினார்.

நான் வண்டியை முதல் கியரில் போட்டு, அவர் நடைக்குச் சமமாக, வீட்டு வாசல்வரை பின்னாலேயே போனேன்.