கூரையில்லாத படம்

சிங்கராசாவுக்குச் சரித்திரம் படிப்பிக்கிற அன்ரோனெற் ரீச்சரில் ஒரு கோபம். வருசக்கணக்காய்த் தொண்டையில் சிக்கின மீன்முள் மாதிரிக் கிடந்தது. சண்டை முடிந்து விடத்தல்தீவுக்குத் திரும்பி, படாத பாடு பட்டு அவன் கூரைத் தகரம் போட்ட கிழமைதான் மகள் டிலோஜினி அழுதுகொண்டு வந்தாள்.

"அப்பா, சரித்திர ரீச்சர் சுவரிலை எங்கட வீட்டைக் காட்டினவ. கூரையே இல்லை. பொடியள் சிரிச்சிட்டாங்கள்."

செய்மதி எடுக்கிற ஆகாயத்துப் படம் அன்றன்றைக்கே வரும் என்றுதான் சிங்கராசா நினைத்திருந்தான். நேரே வகுப்புக்குப் போனான். யன்னல்களைப் பாயால் மூடி, புரொஜெக்டரால் சுவரில் உலகத்தை விரித்திருந்தா ரீச்சர்.

"என்ர தகரத்தை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"அண்ணை, இன்ரநெற்றிலை கிடக்கிறது பழைய படம். நீங்கள் வர முந்தி எடுத்தது. சொந்த வீட்டிலையிருந்து வெளிக்கிட்டாத்தான் பிள்ளையளுக்கு உலகம் பிடிபடும், அதுதான் காட்டினனான். புதுப்படம் வந்தா உங்கட கூரையும் வரும்."

விளங்கினது. விளங்கினாப்போல கோபம் போயிடுமோ?

அதுக்குப் பிறகு கடல்தொழிலில்லாத நாளெல்லாம் போய் வாசலில் நிற்பான்.

"என்ன ரீச்சர், கூரை வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை. நில்லுங்கோ, அதுக்குள்ளை உரோமாபுரி போய் வருவம்."

ரீச்சர் மவுசை இழுக்கக் காலம் பின்னுக்குப் போகும். இராச்சியங்களின் நிறங்கள் ஈரத் துணியில் சாயம் ஊறுமாப்போல பரவி, பிறகு வற்றும். கடலில் நூல்நூலாய்க் கப்பல்வழிகள் முளைக்கும். மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஊர்ந்து ஊர்ந்து பக்கத்திலிருந்த பழைய துறைமுகம் மாந்தைக்கு வந்து முடியும். அது அவன் வலை போடுகிற கடல்.

ஒருநாள் விடியப்புறம் கடலில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சும்மா இருந்தான். பனிப்புகார் மூடியிருந்தது. வள்ளத்துக்குக் கீழால் பெரிய பாய்மரங்களின் நிழல் போகுமாப்போல இருந்தது. பக்கத்தில் ஆரோ தெரியாத பாசையில் இருமினார்கள். வலையை மறந்தே போனான்.

நாலைந்து வருசம் ஓடிப் போச்சு. ஒரு நாள் டிலோஜினி போனை நீட்டினாள். புதுப்படம்! அவன் தகரம் வெயிலில் மீன்செதிலாய் மினுங்கியது. அதைக் கொண்டு, ரீச்சர் நோயாய்க் கிடந்த மன்னார் ஆசுப்பத்திரிக்கு ஓடினான். எலும்பும் தோலுமாய்க் கட்டிலில் கிடந்தா.

"பாத்தியளே, வந்திட்டுது!"

சிரித்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்பக்கமாய் விரலால் படத்தை நகர்த்தினா. நாலு சுவர், நடுவில் பற்றை.

"இது ஆற்ற வீடு?"

"என்ர. தனி ஆள்தானே, வாடகை அறை காணும் எண்டு திருத்தாமல் விட்டிட்டன்."

இத்தனை வருசம் சிங்கராசா தன் கூரையை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். தொண்டையில் கிடந்த முள் எந்தப் பக்கத்தால் போனதென்று தெரியவில்லை.

"அதுக்கும் ஒரு ஓலைக் கிடுகாவது போட்டு விடுங்கோ அண்ணை," என்றா ரீச்சர்.

"ஆளில்லாத வீட்டை ஆர் பாக்கப் போகினம்?"

"ஆளில்லாத இராச்சியங்களை நாங்கள் பாக்கேல்லையே? அடுத்த படம் எடுக்க முந்திப் போடுங்கோ."